நாற்பத்தொரு நாள் முந்தி

இதில் நான் ஒரு வார்த்தைகூடக் கூட்டவில்லை. உள்ளதை உள்ளபடி சொன்னால் நம்பமாட்டீர்கள் என்று சில இடங்களில் குறைத்துத்தான் சொல்லியிருக்கிறேன்.

எங்கள் வாசலிலிருந்து தெருவைக் கடந்தால் பள்ளிக்கூடம். அங்கே மணி அடித்தால் எங்கள் சமையலறையில் தம்ளர் நகரும். மழலையர் வகுப்புக்கு மொத்தம் நாற்பது இடம். அந்த வருஷம் முப்பத்தொன்பது எப்படியோ போய், ஒன்றே ஒன்றுதான் பாக்கி. அந்த ஒன்று எங்களுக்கு வேண்டும்.

பேத்திக்காக என்று ஊருக்குச் சொன்னோம். உண்மையில் மகளுக்காக. அவளுக்கு ஆஸ்பத்திரிப் பரிசோதனைக் கூடத்தில் வேலை கிடைத்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. காலை எட்டரைக்கு மைக்ராஸ்கோப் முன்னால் இருக்க வேண்டும். இந்தப் பள்ளிக்கூடம் இல்லையென்றால் அடுத்தது இரண்டு பஸ் மாறிப் போகிற தூரம். அங்கே குழந்தையை விட்டுவிட்டு இவள் வேலைக்கு வந்து சேர்வதற்குள் பதினொரு மணி. மாப்பிள்ளை ஆறு மணிக்கே ஊரின் மறுகோடியில் இருக்கிற தொழிற்சாலைக்குப் போய்விடுகிறவர். நான் கூட்டிப் போகலாமே என்பீர்கள். பஸ் நிலையத்தில் முப்பத்தொரு வருஷம் டிக்கெட் கொடுத்தவன்தான் நான். ஆனால் பஸ்ஸில் ஏறினால் எனக்குக் குமட்டும். மூன்றாவது நிறுத்தத்தில் குழந்தை என்னைக் கைத்தாங்கலாக இறக்கிவிட வேண்டியிருக்கும்.

"அப்பா, எனக்கு அந்த வேலை போயிடக் கூடாதுப்பா" என்றாள் மகள். அழவில்லை. ஒரு சொட்டு ரத்தத்துக்குள் எத்தனை பேர் குடியிருக்கிறார்கள் என்று முந்தின ராத்திரிதான் சாப்பாட்டு மேஜையில் எனக்கு வரைந்து காட்டியிருந்தாள். அப்படி ஒரு வெளிச்சத்தை அவள் முகத்தில் நான் கல்யாணத்தன்றுகூடப் பார்த்ததில்லை. மாப்பிள்ளைக்கு இதைச் சொல்லவேண்டாம்.

மாப்பிள்ளையின் போனுக்குத் தினமும் ஓர் இங்கிலீஷ் வழக்குச் சொல் வந்து விழும். அதை அன்று முழுக்க வீட்டில் உபயோகித்துப் பார்ப்பார். பள்ளிக்கூடத்து அறிவிப்புப் பலகையில் 'விண்ணப்பம் ஒன்றாம் தேதி காலை ஒன்பது மணிக்கு. முதலில் வருபவருக்கே' என்று எழுதிப் போட்ட அன்று, போனைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்கே வந்துவிட்டார்.

"மாமா, இன்னிக்கு வந்தது நமக்குன்னே வந்த மாதிரி இருக்கு. ஸ்டீல் எ மார்ச்!"

"அப்படின்னா?"

"ரெண்டு படை. விடிஞ்சா சண்டை. ஒரு படை நல்லாப் படுத்துத் தூங்குது. இன்னொண்ணு சத்தமில்லாம எழுந்து மூட்டையைக் கட்டிக்கிட்டு நடக்க ஆரம்பிச்சுடுது. இவங்க கண்ணைக் கசக்கிக்கிட்டு எழுந்து பார்த்தா, அவங்க மலை மேல உட்கார்ந்து கையாட்டுறாங்க. அதுக்குப் பேருதான் ஸ்டீல் எ மார்ச்."

"முந்திக்கிறதுன்னு சொல்லிட்டுப் போங்களேன் மாப்ளே. அதுக்கு எதுக்கு ரெண்டு படை, ஒரு மலை?"

"வெறுமனே முந்திக்கிறது இல்ல மாமா. எதிராளிக்குத் தெரியாம முந்திக்கணும். அவனுக்கும் தெரிஞ்சா அது ஓட்டப் பந்தயம். அவன் எழுந்திருக்கிறதுக்குள்ள நாம பாதி வழி போயிருக்கணும்."

"தினம் காலையில பாத்ரூமுக்கு நீங்க பண்றீங்களே, அதுதான்" என்றாள் மகள்.

"கரெக்ட்! அதேதான்!" என்று அவர் சந்தோஷப்பட்டார். மனைவி உதாரணம் கொடுத்தால் அதில் ஊசி இருக்கிறதா என்று பார்க்கிற பழக்கம் அவருக்கு இல்லை.

எதிராளி மாடியிலேயே இருந்தார். பல் டாக்டர். அவருக்கும் அந்த வயதில் ஒரு பேரன். வாசலில் கார் நிற்கிறது, காரில் போனால் எந்தப் பள்ளிக்கூடமும் பக்கம்தான். இருந்தாலும் எதிரே ஒன்று இருக்கும்போது பெட்ரோலை எதற்கு எரிப்பது என்பது அவர் கட்சி. படிக்கட்டில் என்னைப் பார்த்து, "என்ன டிக்கெட், ஒண்ணாம் தேதி எத்தனை மணிக்குப் போறீங்க?" என்றார். தெருவில் எனக்கு அதுதான் பெயர்.

"ஒன்பதுன்னு போட்டிருக்கு. ஒன்பதுக்குத்தான்."

"நானும் அப்படித்தான். நமக்குள்ள என்ன போட்டி?"

இருவரும் சிரித்தோம். அவர் சிரிப்பில் முப்பத்திரண்டு பல்லும் பொய் சொல்லிற்று.

ஆறு மணிக்குப் போவதென்று முதலில் முடிவு செய்தோம். அன்று மாலையே மேலே அவர் அலாரத்தை ஐந்துக்கு வைத்துச் சோதிக்கிற சத்தம் கேட்டது. நாங்கள் நாலுக்கு வைத்து, அவருக்குக் கேட்கும்படி அடிக்கவிட்டோம். அதுதான் தப்பு. மறுநாள் அவர் ஒரு மடக்கு நாற்காலி வாங்கிக்கொண்டு வந்தார். மடக்கு நாற்காலி வாங்குகிறவர் மூன்று மணிக்குக் கிளம்புகிறவர் இல்லை, முந்தின நாளே கிளம்புகிறவர். நான் ஒரு தண்ணீர்க் கேன் வாங்கினேன். அவர் மழைக்கோட்டு வாங்கினார். ஒன்றாம் தேதிக்கு மழையே கிடையாது, அதற்கு மூன்று வாரம் முன்னால்தான் மழை. எனக்குக் கணக்குப் புரிந்துவிட்டது. முடி வெட்டிக்கொண்டு வருகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு, ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, ஒரு பையோடு தெருவைக் கடந்தேன். ஒன்றாம் தேதிக்கு அன்றிலிருந்து நாற்பத்தொரு நாள் இருந்தது.

பள்ளிக்கூடத்து வாசலில் எனக்கு முன்னால் ஒரு செங்கல் இருந்தது. அதன்மேல் சுண்ணாம்பால் ஒன்று என்று போட்டிருந்தது.

செங்கலுக்குப் பின்னால் நின்றேன். பத்து நிமிஷத்தில் பல் டாக்டர் நாற்காலியோடு வந்தார்.

"சும்மா காத்தாட வந்தேன்" என்றார்.

"நானும்தான்."

அதற்குள் பள்ளிக்கூடத்துக் குமாஸ்தா வெளியே வந்தார். கோடை விடுமுறைக்காகக் கேட்டைப் பூட்டினார். சாவியை இடுப்பில் செருகினார். எங்களைப் பார்த்தார், செங்கலைப் பார்த்தார். "எனக்கும் ஒரு பேரன் இருக்கான் சார்" என்று சொல்லிவிட்டு டாக்டருக்குப் பின்னால் நின்றுகொண்டார்.

மூன்று பேர் ஓரிடத்தில் நின்றால் ஊர் சும்மா இருக்குமா? சாயந்திரத்துக்குள் முப்பது பேர். வார முடிவில் வரிசை மார்க்கெட் வரை போயிற்று. அங்கே மீன்காரர்கள் வழிவிடாததால் திரும்பி, பின்சந்து வழியாக வந்து, பள்ளிக்கூடத்தின் பின்சுவரையே தொட்டது. பஸ்காரர்கள் 'வரிசைக் கடைசி' என்று ஒரு நிறுத்தம் வைத்தார்கள். அது தினமும் நகர்ந்ததால், ஒரு டிரைவர் நிறுத்தத்தைத் தேடி ஒரு பகல் முழுக்க ஓட்டினார். தபால்காரர் எனக்குப் பென்ஷன் கடிதத்தை 'வரிசை, எண் இரண்டு' என்ற விலாசத்தில் கொண்டுவந்து கொடுத்தார். டாக்டர் அந்த மடக்கு நாற்காலியிலேயே பதினேழு பல் பிடுங்கினார். பிடுங்கிக்கொண்டவர்களில் ஒன்பது பேர், கன்னத்தைப் பிடித்துக்கொண்டே போய் வரிசையில் நின்றார்கள். நாற்பத்து மூன்றாவதாக நின்ற பெண்ணும் நாற்பத்து நாலாவதாக நின்ற பையனும் மூன்றாவது வாரம் கல்யாணம் செய்துகொண்டார்கள். பிள்ளைக்கு இடம் பிடிக்கத்தான் இருவரும் முதலில் வந்து நின்றது. கல்யாணத்தை அப்புறம்தான் யோசித்தார்கள்.

"இதுதான் மாமா அசல் ஸ்டீல் எ மார்ச்" என்றார் எனக்குச் சாப்பாடு கொண்டுவந்த மாப்பிள்ளை, அவர்களைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டே. "நம்மளுது எல்லாம் வெறும் பந்தயமாப் போச்சு. ஊருக்கே தெரிஞ்சிடுச்சு."

வரிசைக்கு ஒரு கடைசி ஆள் இருந்தார். அவர் பெயரே கடைசி என்று ஆகிவிட்டது. சுவருக்குப் பெயின்ட் அடிக்கிறவர். நாற்பத்தெட்டு வயது, தனிக்கட்டை, காதோரம் எப்போதும் ஒரு துளி வெள்ளை. பெரிய வரிசையாக இருக்கிறதே, ஏதோ நல்ல விஷயமாகத்தான் இருக்கும் என்று இரண்டாம் நாளே வந்து நின்றவர். அப்போது அவர் முப்பத்தொன்றாவது ஆள். ஆனால் பின்னால் யார் வந்தாலும், "நீங்க முன்னாடி போங்க, எனக்கு ஒண்ணும் அவசரமில்ல" என்று நகர்ந்து இடம் கொடுத்துவிடுவார். வரிசை வளர வளர அவரும் அதன் நுனியிலேயே ஊர்ந்து மார்க்கெட்டுக்குப் போய், திரும்பி, பின்சந்துக்கு வந்து சேர்ந்துவிட்டார்.

முப்பத்தொரு வருஷம் வரிசைகளுக்கு மறுபக்கம் உட்கார்ந்தவன் என்பதால் சட்டம் போடுகிற வேலையை எனக்குக் கொடுத்தார்கள். குளிக்கப் போகிறவர்கள் துண்டு, செருப்பு, பால் கேன், எதையாவது இடத்தில் வைத்துவிட்டுப் போகலாம். பின்னால் நிற்பவர் அதற்குச் சாட்சி. இது எல்லா வரிசைக்கும் உள்ள வழக்கம்தான். எனக்கு உறுத்தியது அந்தச் செங்கல். நாற்பது நாளில் அதைத் தேடி யாரும் வரவில்லை. ஆனால் ஒன்றாம் தேதி ஒன்பது மணிக்கு ஒருத்தர் வந்து, "இது என்னோடது" என்று சொன்னால் என் மகளின் வேலை போயிற்று. அதனால் முந்தின நாள் ஒரு சட்டம் போட்டேன். கடைசி நாள் காலை ஆறு மணிக்குமேல் பொருளுக்கு இடம் கிடையாது. ஆளுக்குப் பதில் ஆளும் கிடையாது. எவர் காலை வெளியே எடுத்துவைத்தாலும் அவர் வாலுக்குப் போக வேண்டும். எல்லோரும் கை தட்டினார்கள்.

ஒன்றாம் தேதி ஆறு மணி அடித்ததும் செங்கலை மரியாதையாக எடுத்து ஓரமாக வைத்தேன். நான் முதல் ஆள்.

ஒன்பது அடித்தது. கேட் திறக்கவில்லை.

ஒன்பதேகால். யாரோ, "குமாஸ்தா எங்கேப்பா?" என்று கத்தினார்கள்.

"இங்கதான் இருக்கேன்" என்றார் குமாஸ்தா, டாக்டருக்குப் பின்னாலிருந்து.

நாற்பத்தொரு நாளும் அந்தச் சாவி அவர் இடுப்பில் தொங்கியதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். அதை வைத்து அவர் முதுகுகூடச் சொறிந்துகொண்டார். எங்கள் ஒருத்தருக்கும் உறைக்கவில்லை.

"போய்த் திறங்களேன் ஐயா!" என்றார் டாக்டர்.

"எப்படிப் போறது? காலை எடுத்தா வாலுக்குப் போகணும். நேத்து டிக்கெட் சார் சட்டம் போட்டப்ப நீங்களும்தானே கை தட்டினீங்க?"

"உங்களுக்கு மட்டும் விலக்கு!" என்றேன். பின்னால் உடனே கூச்சல் கிளம்பியது. அவருக்கு விலக்கு என்றால் வயிற்றுவலிக்காரருக்கும் விலக்கு, வீட்டில் அடுப்பை அணைக்க மறந்தவருக்கும் விலக்கு என்று மார்க்கெட் வரை கேட்டது. விலக்கை வாபஸ் வாங்கிக்கொண்டேன்.

"விண்ணப்பம் எத்தனை மணி வரைக்கும்?" என்று குமாஸ்தாவிடம் கேட்டேன்.

"பன்னிரண்டு. அதுக்குள்ள கொடுக்கலைன்னா இந்த வருஷத்துக்கு இடம் ரத்து."

பதினொன்றேகால் வரை நின்றோம். வெயில் ஏறிற்று. குமாஸ்தா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "சார், கவுண்டர் வேலை தெரிஞ்ச ஆள் இங்க நீங்க ஒருத்தர்தான்."

டாக்டரின் முகம் மலர்ந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். நான் போனால் அவர் முதல் ஆள். "ஆமா டிக்கெட்! ஒரு பொதுச் சேவைன்னு நினைச்சுக்குங்க. உங்களைவிட்டா யாரு இருக்கா?" என்று என் தோளைத் தட்டினார். தட்டினார் என்பதைவிடத் தள்ளினார் என்பது பொருந்தும்.

போனால் இடம் போயிற்று. போகாவிட்டால் பன்னிரண்டு மணிக்கு எல்லோருக்கும் போயிற்று. மகளுக்குப் போன் செய்தேன்.

"நான் வரிசையை விட்டு வெளிய வரேம்மா. நம்ம வீட்டு ஆள் யாராவது ஒருத்தர் வாலிலயாவது நிக்கணும். வந்துடு."

"நாற்பத்தொரு நாள் நின்னுட்டு இப்ப வெளிய வரீங்களா?" என்றாள். பிறகு, "சரி, வரேன்" என்றாள்.

சாவியை வாங்கிக்கொண்டு உள்ளே போனேன். நாற்காலியில் உட்கார்ந்ததும் முதுகு தானாக நிமிர்ந்தது. மேஜை இழுப்பறையில் ஒரு விண்ணப்பம் இருந்தது, பழுப்பு உறையில், ஒன்றே ஒன்று. முன்பக்கம் ஒரு ஜன்னல், இரும்பு ஷட்டர் போட்டது. பின்பக்கம் ஒரு ஜன்னல், பின்சந்தைப் பார்த்தது. அதன் இடுக்கு வழியாக எட்டிப் பார்த்தேன். வரிசையின் வால் அதற்கு நேர் கீழே கிடந்தது. வாலில், பரிசோதனைக் கூடத்து வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றாமல், மூச்சு வாங்கிக்கொண்டு என் மகள்.

இங்கே என் தொழில் ரகசியம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். டிக்கெட் கொடுக்கிறவனுக்கு உலகத்தில் ஒரே ஒரு அதிகாரம்தான். இந்த ஜன்னலை மூடி அந்த ஜன்னலைத் திறப்பது. திறந்த மாத்திரத்தில் முதல் ஆள் கடைசி, கடைசி ஆள் முதல். முப்பத்தொரு வருஷத்தில் அதை நான் கெட்ட எண்ணத்தோடு செய்ததில்லை. அன்று செய்தேன்.

முன்ஜன்னல் பக்கம் வாயை வைத்து, "ஷட்டர் சிக்கிக்கிச்சு! பின்னால கொடுக்கறேன்!" என்று கத்தினேன். ஷட்டரை நான் தூக்கிப் பார்க்கவில்லை என்பது வேறு விஷயம். ஓடிப்போய்ப் பின்ஜன்னலைத் திறந்தேன்.

வாலில் நின்றது என் மகள் இல்லை. அவள் ஓடிவந்து கடைசியில் நின்றதும், அந்தப் பெயின்ட்காரர் வழக்கம்போல, "நீங்க முன்னாடி போங்கம்மா" என்று நகர்ந்திருக்கிறார். ஆகவே வரிசையின் கடைசி ஆள் கடைசிதான். என் ஜன்னலுக்கு முதல் ஆளும் அவர்தான். இடுக்கில் பார்த்தபோது வெள்ளைக் கோட்டு அவரை மறைத்துவிட்டது.

"சார், திறந்துட்டீங்களா?" என்றார் சந்தோஷமாக. "ஒண்ணு கேக்கணும். இந்த வரிசை எதுக்கு?"

நான் மகளைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினேன். ஒரு வார்த்தை போதும். 'இது குழந்தைகளுக்கு, உங்களுக்கு இல்லை' என்று சொன்னால் அந்த மனிதர் நகர்ந்து கொடுத்துவிடுவார். நகர்வதில் அவருக்கு ஈடு யாரும் இல்லை.

அவள் என் புருவத்தைக் கவனித்தாள். நன்றாகவே கவனித்தாள். பிறகு கையை நீட்டி என்னிடமிருந்து உறையை வாங்கினாள்.

"பள்ளிக்கூடத்துல சேர்றதுக்கு. ஒரு இடம் இருக்கு. இதுதான் விண்ணப்பம்" என்றாள் அவரிடம்.

"பள்ளிக்கூடமா?" அவர் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு உறையை வாங்கினார். ஒரு தட்டு நிறையப் பாலை வாங்குகிற மாதிரி வாங்கினார். "என்னம்மா போட்டிருக்கு? எனக்குப் படிக்கத் தெரியாது. ஊர் பூரா சுவர் அடிச்சிருக்கேன். எழுத்து எழுத மட்டும் வேற ஒருத்தன் வருவான். நான் ஏணியைப் பிடிச்சுக்கிட்டு நிப்பேன்."

"அம்மாடி, பன்னிரண்டாகப் போகுது" என்றேன்.

அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த விண்ணப்பத்தை அவருக்கு வாசித்துக் காட்டினாள், ஒரு வரி விடாமல். "முதல் விதி. சேருபவருக்கு மூன்று வயது பூர்த்தியாகியிருக்க வேண்டும்."

"அது ஆயிடுச்சு" என்றார் கடைசி.

"மேல எத்தனை வயசு வரைக்கும்னு போடலை" என்றாள் மகள். அவள் குரல் கொஞ்சம் இறங்கிற்று.

"அப்ப நான் சேரலாமா? தப்பு இல்லையே? யாருக்காவது இடைஞ்சலா இருந்தா வேண்டாம்மா."

அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். தன் மைக்ராஸ்கோப்பைத்தான் அவள் அந்த நிமிஷம் மூடி உறை போட்டாள் என்பது எனக்குத் தெரியும். "தப்பே இல்ல. நீங்கதான் முதல்ல நிக்கிறீங்க" என்றாள்.

அப்புறமும் விடாமல் வாசித்தாள். ரத்த வகை, தடுப்பூசி, சீருடையின் நிறம். ஒன்பதாவது விதிக்கு வந்தாள். "இங்கு பயிலும் மாணவரின் உடன்பிறந்தோருக்கு விண்ணப்பம் இன்றியே இடம் தரப்படும். தேவைப்பட்டால் கூடுதலாக நாற்காலி..." அங்கேயே நிறுத்தி, அந்த வரியை மறுபடி முதலிலிருந்து வாசித்தாள். முப்பத்தொன்பது இடம் போன வழி எனக்கும் அப்போதுதான் தெரிந்தது.

எங்கள் இருவரையும்விட அவர்தான் முதலில் பேசினார். "உங்க வீட்டுல குழந்தை இருக்காம்மா?"

"மூணு வயசுல ஒரு பொண்ணு."

"அப்ப நான் அந்தப் பாப்பாவுக்கு அண்ணனா இருந்தாப் போதுமில்ல?"

டாக்டர் மார்க்கெட்டைச் சுற்றிக்கொண்டு மூச்சிரைக்க வந்து சேர்ந்தபோது பன்னிரண்டுக்கு நாலு நிமிஷம். பெயின்ட்காரர் விண்ணப்பத்தில் கைநாட்டு வைத்துக்கொண்டிருந்தார். டாக்டர் விஷயத்தைக் கேட்டார், ஒன்பதாவது விதியை நின்றுகொண்டே படித்தார். உடனே அவருக்கு மூளை ஓடிற்று. "ஐயா, என் பேரனுக்கு அண்ணனா வந்துடுங்க! முப்பத்திரண்டு பல்லும் ஆயுசுக்கும் இலவசமாப் பார்க்கறேன்!"

"இப்பத்தான் சார் ஒரு குடும்பத்துக்கு வாக்குக் கொடுத்தேன்" என்றார் கடைசி, உண்மையான வருத்தத்தோடு.

டாக்டர் என் பக்கம் திரும்பினார். "ஷட்டர் சிக்கிக்கிச்சா டிக்கெட்?"

"பயங்கரமா" என்றேன்.

டாக்டர் வேறொரு பள்ளிக்கூடத்துக்குப் பேரனைக் காரில் அனுப்புகிறார். என் பல்லை மட்டும் இப்போது மரத்துப்போக ஊசி போடாமலே பிடுங்குகிறார். குமாஸ்தாவிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். "எனக்கு என்ன சார்? நான் அடுத்த வருஷத்துக்குத்தான் நிக்கிறேன்" என்றார். அவர் இப்போது முதல் ஆள்.

தத்து எடுப்பதற்காகப் போய்க் கேட்டபோது வக்கீல் சட்டப் புத்தகத்தை இரண்டு தடவை புரட்டினார். தத்து எடுக்கிறவர் பிள்ளையைவிட மூத்தவராக இருக்கவேண்டும் என்று எங்கேயும் இல்லை என்றார். எழுதியவர்களுக்கு அப்படி ஒரு சந்தேகமே வந்திருக்காது. மாப்பிள்ளைக்கு முப்பத்து மூன்று வயது. பிள்ளைக்கு நாற்பத்தெட்டு. காகிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு மாப்பிள்ளை வியர்வையைத் துடைத்துக்கொண்டார்.

"இதுக்கு இங்கிலீஷ்ல என்ன சொல்லுவாங்க மாப்ளே?" என்று கேட்டேன்.

"இதுக்கு அவங்ககிட்ட இல்ல மாமா" என்றார்.

பிள்ளை, பெயின்ட் வாளியும் பெட்டியுமாக வந்து எங்கள் முன்னறையில் குடியேறினார். என்னைத் தாத்தா என்றார். எனக்குப் பழகிவிட்டது. மகளை அம்மா என்பார், அது அவர் எல்லாப் பெண்களையும் கூப்பிடுகிற விதம்தான் என்பதால் அவளுக்குச் சிரமமில்லை. கஷ்டம் மாப்பிள்ளைக்குத்தான். முதல் மாதத்துப் பெற்றோர் கூட்டத்துக்குப் போய்விட்டு வந்தார். மறுநாள் அவருக்கு விடுமுறை. காலையில் முன்னறையில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தார். பிள்ளை சீருடையில், தலையை வழித்துச் சீவி, எழுந்து நின்றுகொண்டிருந்தார்.

"டீச்சர் என்ன சொல்றாங்க தெரியுமா? சின்னவ பரவாயில்லையாம். பெரியவன்தான் எழுதச் சொன்னா பலகையை மத்த பிள்ளைங்ககிட்டக் கொடுத்துடறானாம். ஏன்டா... ஏங்க... ஏன் இப்படிப் பண்..." மாப்பிள்ளை அந்த வினைச்சொல்லின் வாலில் டாவும் போட முடியாமல், ங்கவும் போட முடியாமல் நின்றார்.

"இனிமே கவனமா இருக்கேன்ப்பா" என்றார் பிள்ளை.

"மன்னிச்சு விட்டுடுங்க மாப்ளே, சின்னப் பையன்" என்றேன் நான்.

"திட்டுறதை எல்லாம் சாயந்திரம் வெச்சுக்குங்க" என்றாள் மகள், கைப்பையில் கண்ணாடியைப் போட்டுக்கொண்டே. இரண்டு சாப்பாட்டு டப்பாவை எடுத்து இரண்டு பையில் வைத்தாள். பெரியது பெரியவருக்கு. பேத்தி அவர் விரலைப் பிடித்துக்கொண்டாள். அவர் இரண்டு பக்கமும் மூன்று தடவை பார்த்து, ஒரு சைக்கிளுக்கும் ஒரு நாய்க்கும் வழிவிட்டு, அவளைத் தெருவைக் கடத்திக் கூட்டிப் போனார். பள்ளிக்கூடத்து மணி அடித்தது. தம்ளர் நகர்ந்தது.

மணி எட்டு ஐந்து. மகள் வாசலில் நின்று அவர்கள் இருவரும் கேட்டுக்குள் நுழைகிறவரை பார்த்தாள். பிறகு வெள்ளைக் கோட்டைக் கையில் போட்டுக்கொண்டு, அவசரமே இல்லாமல், ஆஸ்பத்திரிக்கு நடந்து போனாள்.